விசை ஒன்று, எழுத்து இரண்டு: தொலைவிலுள்ள மெய்நிகர் கணிப்பொறியில் தமிழ் உள்ளீடு

எழுத்து எங்கே பிறக்கிறது என்பது தமிழிலக்கணம் தொன்றுதொட்டு எழுப்பி வந்த வினாவாகும். தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தின் மூன்றாம் இயலுக்குப் பிறப்பியல் என்றே பெயர் சூட்டியுள்ளார். உந்தியிலிருந்து எழும் காற்று இடந்தோறும் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு பொருந்தி வெவ்வேறு ஒலியாகும் முறையை அவ்வியலில் விளக்குகின்றார். அதே வினாவைக் கணிப்பொறியை நோக்கி எழுப்பினால், விசைப்பலகையில் பிறக்கிறது என்று பலரும் தயங்காமல் விடை சொல்வர். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் பிழையென உணர்வதற்கு ஒரு மாணவியின் மதிப்பெண்ணை நான் விலையாகக் கொடுக்க நேர்ந்தது.

2022 ஆம் ஆண்டு, நான் கணினித்தமிழ்ப் பாடம் நடத்திய ஒரு கல்லூரியில் நடந்தது அது. ஆய்வகத்திலிருந்த கணிப்பொறிகள் பழையவை. புதிய மென்பொருள்களைத் தாங்கும் வலு அவற்றுக்கு இல்லை. ஆகவே, வலுமிக்க ஒரு சர்வரை நிறுவி, அதனுள் நாற்பது மெய்நிகர் கணிப்பொறிகளை அமைத்திருந்தனர். மெய்நிகர் கணிப்பொறி என்பது தனக்கென உடலில்லாத கணிப்பொறி. ஒரே இயந்திரத்துக்குள் மென்பொருளால் ஆக்கப்பட்ட பல கணிப்பொறிகள், ஒவ்வொன்றும் தான் தனியே இயங்குவதாகக் கருதிக்கொண்டு இயங்கும். மாணவர் முன்னிருந்த பழைய பெட்டி வெறும் சாளரமாக நின்றது. அவர்கள் தட்டுவது வேறோர் அறையிலுள்ள இயந்திரத்துக்குச் செல்லும். அங்கே எழுதப்படுவதன் படம் திரும்பி வந்து திரையில் தோன்றும்.

பயிற்சித் தேர்வில் ஓர் உரைநடைப் பகுதியைத் தமிழ் 99 முறையில் தட்டச்சு செய்யுமாறு பணித்தேன். ஒரு மாணவியின் தாளில் "கதை" என்பது "கத்தை" என்றும், "படி" என்பது "பட்டி" என்றும், "குடிநீர்" என்பது "குட்டிநீர்" என்றும் அச்சாகியிருந்தன. ஒற்று மிகக்கூடாத இடங்களிலெல்லாம் மிகுந்திருந்தது. சிவப்பு மையால் வட்டமிட்டேன். "ஒற்றுப்பிழை மலிந்துள்ளது, மொழிப்பயிற்சி போதாது" என்று ஓரத்தில் எழுதி 25க்கு 11 அளித்தேன். மறுநாள் அந்த மாணவி தாளை ஏந்தி வந்து, "சார், நான் ஒரு தடவைதான் அழுத்தினேன்" என்றார். ஆசிரியர்களுக்கு இத்தகைய சொற்கள் பழகிப்போனவை. நான் நம்பவில்லை. பின்னர் அதே பகுதியைக் கையால் எழுதிக்கொண்டு வந்து காட்டினார். அதில் ஒரு பிழையும் இல்லை. அதன் பிறகே, கணிப்பொறியியல் துறை நண்பர் ஒருவரை அழைத்துக்கொண்டு அம்மாணவி அமர்ந்திருந்த இருக்கைக்குச் சென்றேன். இக்கட்டுரை அன்று தொடங்கிய விசாரணையின் பயனாகும்.

விசையும் எழுத்தும்

விசைப்பலகை எழுத்தை அனுப்புவதில்லை, இடத்தை அனுப்புகிறது. 1981 இல் வந்த ஐ.பி.எம். தனிநபர் கணிப்பொறியின் வழிவந்த குறியீட்டு முறையில், ஆங்கில "ஏ" பொறித்த விசையை அழுத்தினால் 30 என்னும் எண் செல்லும். விரலை எடுத்தால் 158 செல்லும். இரண்டுக்கும் இடையேயுள்ள வேறுபாடு 128. அழுத்தியது ஒரு செய்தி, விட்டது மற்றொரு செய்தி என்பதை மாணவர்கள் நன்கு மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். பின்னர் வரும் தொல்லைகளுள் பெரும்பாலானவை இவ்விரண்டாம் செய்தி தொலைவதாலோ தாமதிப்பதாலோ விளைபவை.

30 என்னும் எண் வந்தபின், அதை ஆங்கில "ஏ" எனக் கொள்வதா, தமிழ் அகரம் எனக் கொள்வதா என்பதை இயக்க முறைமையும் அதனோடு இணைந்த விசைப்பலகை மென்பொருளும் தீர்மானிக்கின்றன. சென்னையில் 1999 பிப்ரவரியில் நடந்த தமிழ்இணையம் 99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ் 99 முறையில், உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலக்கையிலும் அமைந்துள்ளன. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவது தானாகவே புள்ளி பெறும். ககரத்தை இருமுறை தட்டினால் "க்க" வரும். நகரத்தை அடுத்துத் தகரம் தட்டினால் "ந்த" வரும். தமிழின் மெய்ம்மயக்க இயல்பை அறிந்து அமைத்த விதி இது. புள்ளிக்கெனத் தனி விசையைத் தேடும் உழைப்பை இது பெரிதும் குறைக்கிறது. இந்த நல்ல விதியே அம்மாணவிக்குத் தீங்காயிற்று என்பதைப் பின்னர்க் காண்போம்.

இவ்வாறு பிறக்கும் எழுத்துக்கு யூனிகோடு ஓர் எண் தருகிறது. அதன் தமிழ்ப் பகுதி பதின்ம எண் முறையில் 2944 முதல் 3071 வரையுள்ள 128 இடங்களைக் கொண்டது. ககரத்தின் எண் 2965. ஆக, விசையின் எண் வேறு, எழுத்தின் எண் வேறு. முன்னதிலிருந்து பின்னது பிறக்கும் இடம் எது என்பதே தொலைவிலிருந்து இயக்கும் கணிப்பொறியில் எழும் சிக்கல்கள் அனைத்துக்கும் மூல வினாவாகும்.

இரு வழிகள்

நம்முன் உள்ள பெட்டியை இக்கரை என்றும், தொலைவிலுள்ள மெய்நிகர் கணிப்பொறியை அக்கரை என்றும் கொள்வோம். விசைத்தட்டலை அக்கரை சேர்ப்பதற்கு இன்று பரவலாக வழங்கும் முறைகள் இரண்டு. மைக்ரோசாப்டின் ஆர்.டி.பி. என்னும் நெறிமுறை பெரும்பாலும் விசையின் எண்ணையே அனுப்புகிறது. எழுத்தை அப்படியே அனுப்பும் வழியும் அதில் உண்டு. ஆனால் சாதாரண விசைப்பலகையில் தட்டும்போது செல்வது இட எண்ணே. 1990களில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் உருவான வி.என்.சி. இதற்கு மாறானது. அது விசையின் இடத்தை அனுப்பாமல், அவ்விசை இக்கரையில் தரும் எழுத்தின் குறியீட்டை அனுப்புகிறது.

இவ்வேறுபாடு நூல்வழக்கு அன்று, கண்ணால் காணத்தக்கது. "அம்மா" என்று எழுத விரும்பும் மாணவர், தமிழ் 99 இல் ஆங்கில ஏ, கே, கே, கியூ என்னும் விசைகளைத் தட்டுவார். ஆர்.டி.பி. வழியே செல்கையில் அக்கரையில் தமிழ் விசைப்பலகை இயங்காவிட்டால், திரையில் அந்நான்கு ஆங்கில எழுத்துகளும் அப்படியே வந்து நிற்கும். வந்தது குப்பை எனக் கருத வேண்டா. விசைகள் பழுதின்றிப் போய்ச் சேர்ந்தன, எழுத்து பிறக்கவேண்டிய இடத்தில் பிறக்கவில்லை என்பதற்கு அதுவே சான்று. அக்கரைக் கணிப்பொறியில் தமிழ் விசைப்பலகையை இயக்கினால் போதும். இன்றைய விண்டோசில் தமிழ் 99 உள்ளேயே உண்டு. வேறெதுவும் நிறுவ வேண்டியதில்லை.

வி.என்.சி.யில் காட்சி வேறு. இக்கரையில் தமிழை இயக்கிவிட்டுத் தட்டினால், அகரம் மகரம் என்று தமிழெழுத்தின் குறியீடே அக்கரை செல்கிறது. அங்குள்ள மெய்நிகர் விசைப்பலகையோ ஆங்கில விசைகள் மட்டுமே உடையதாகக் கருதப்படுவது. மகரத்துக்குரிய விசை எதுவென்று அது தேடுகிறது. அப்படி ஒரு விசை இல்லையென்று கண்டு, வந்ததை எறிந்துவிடுகிறது. திரையில் எதுவுமே தோன்றாது. கம்பி அறுந்ததோ, விசைப்பலகை பழுதோ என்று மாணவர் மயங்குவர். இக்கரையில் ஆங்கிலத்துக்கு மாற்றி ஓர் எழுத்தைத் தட்டிப் பார்த்தால் அது வந்துவிடும். வழி திறந்தே உள்ளது என்பது அப்போது தெளிவாகும். ஆக, இக்கரையில் ஆங்கிலம், அக்கரையில் தமிழ் என்பதே இரு முறைகளுக்கும் பொதுவான பாதுகாப்பான ஏற்பாடு. இரு கரையிலும் ஒருசேரத் தமிழை இயக்குவதே நம் மாணவர்கள் மிகுதியாகச் செய்யும் தவறு.

விசையமைப்பு வேறுபாடும் இவ்விடத்தில் கருதத்தக்கது. தமிழ் 99 இல் ச, ஞ, ந, ய, ழ ஆகியவை ஆங்கிலத்தின் நிறுத்தற்குறி விசைகளில் அமர்ந்துள்ளன. அக்குறிகளோ நாட்டுக்கு நாடு இடம் மாறுபவை. ஜெர்மானிய விசைப்பலகை வைத்திருக்கும் ஒரு தமிழ்ப்பிள்ளை வி.என்.சி. வழியே நம்மூர்க் கணிப்பொறியில் எழுத முற்பட்டால், ளகரத்துக்குரிய இடத்தில் ஔகாரம் வரும். ழகரத்துக்குரிய சாய்கோடு அங்கே எண் 7 இன் மேல் ஏறியிருக்கும். "தமிழ்" என்னும் பெயரிலேயே கடைசி எழுத்தைத் தேட நேரிடும். கியூஎமு என்னும் மெய்நிகராக்க மென்பொருளை உருவாக்கியவர்கள் இக்குறையை உணர்ந்து, வி.என்.சி.யிலும் விசையின் இட எண்ணைச் சேர்த்து அனுப்பும் ஒரு விரிவாக்கத்தை ஏற்படுத்தினர். இருபுறமும் அதை அறிந்திருந்தால் இச்சிக்கல் எழாது.

தாமதம் செய்த சந்தி

இனி அம்மாணவியின் தாளுக்கு வருவோம். அங்கே வழங்கியது வி.என்.சி. முறை, அக்கரையில் லினக்ஸ். தமிழ் விசைப்பலகை முறையாக அக்கரையிலேயே இயங்கியது. எழுத்துகளும் வந்தன, கூடுதலாகவும் வந்தன என்பதுதான் குறை.

ஒரு விசையை அழுத்திப் பிடித்தால் அதே எழுத்து தொடர்ந்து வருவதை அனைவரும் அறிவர். அழுத்திய செய்தி வந்து, விட்ட செய்தி குறித்த நேரத்துக்குள் வராவிட்டால், விரல் இன்னும் விசைமேல் இருப்பதாகக் கொண்டு கணிப்பொறி எழுத்தை மீட்டும் மீட்டும் எழுதும். இக்காத்திருப்பு பொதுவாகக் கால் நொடியிலிருந்து ஒரு நொடி வரை அமைவது. நேரடியாக இணைந்த விசைப்பலகையில் இதனால் தீங்கில்லை. தொலைவிலிருந்து தட்டும்போது, இவ்விரு செய்திகளும் தனித்தனியே பயணம் செய்கின்றன. அழுத்திய செய்தி விரைந்து சென்று, விட்ட செய்தி நெரிசலில் சிக்கித் தாமதித்தால், அக்கரைக் கணிப்பொறி டகரத்தை இரண்டாம் முறையும் தானே தட்டிக்கொள்கிறது. தமிழ் 99 தன் விதிப்படி முதல் டகரத்துக்குப் புள்ளி வைக்கிறது. "படி" "பட்டி" ஆகிவிடுகிறது.

ஆங்கிலத்தில் இப்படி நேர்ந்தால் எழுத்து இரட்டித்து நிற்பதைக் கண்டவுடனே இயந்திரக்கோளாறு என்று எவரும் கூறிவிடுவர். தமிழிலோ கோளாறு இலக்கண உடை அணிந்து வருகிறது. கத்தை, பட்டி, குட்டி, பல்லி, வள்ளம் எல்லாமே அகராதியில் உள்ள சொற்கள். ஆதலால் அது மாணவரின் அறியாமையாகவே தோற்றமளிக்கிறது. சிவப்பு மையோடு அமர்ந்திருந்த எனக்கும் அவ்வாறே தோன்றியது.

நண்பர் அன்று ஒரு நுட்பத்தைச் சுட்டினார். தாமதம் ஒரே அளவாக இருந்தால் இத்தீங்கு நேராது. இரு செய்திகளும் சமமாகத் தாமதித்து, இடைவெளி மாறாமல் போய்ச் சேரும். தாமதத்தின் ஏற்றத்தாழ்வே கேடு விளைப்பது. நாற்பது இருக்கைகளிலும் மாணவர் அமர்ந்து, திரைப்படங்கள் ஒரே கம்பியில் நெரிந்த தேர்வு நேரத்தில் பிழை மிகுந்ததும், மாலையில் ஆளில்லா அறையில் நாங்கள் சோதித்தபோது நெடுநேரம் பிழையே தோன்றாததும் இதனாலேயே. கடைசியில், மற்றக் கணிப்பொறிகளில் காணொளிகளை ஓடவிட்டு நெரிசலை உண்டாக்கிய பின்னரே என் விரலுக்கும் "குட்டிநீர்" கிடைத்தது.

இதற்குரிய மருந்து எளிது. அக்கரைக் கணிப்பொறியின் விசைப்பலகை அமைப்பில், மீள்தட்டலுக்கு முன்னுள்ள காத்திருப்பை நீட்டலாம். அல்லது மீள்தட்டலை அறவே நிறுத்திவிடலாம். நிறுத்தினால் அழிக்கும் விசையைப் பிடித்துக்கொண்டு ஒரு வரியை அழிக்க முடியாது, ஒவ்வொரு முறையும் தட்ட வேண்டும். தேர்வறைக்கு அது பெரிய இழப்பன்று. விரைந்து வரும் இரண்டாம் தட்டலைப் புறக்கணிக்கும் வேறொரு வசதியும் இயக்க முறைமைகளில் உண்டு. நடுங்கும் கைகளுக்கு உதவுவதற்காக ஏற்பட்டது அது. ஆங்கிலத்துக்குப் பொருந்தினாலும் தமிழுக்கு அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். பக்கம் தங்கும் வக்கும் உடைய நம் மொழியில் இரட்டிக்கவேண்டிய ஒற்றையும் அது விழுங்கிவிடும்.

விடாத விசைகள்

விட்ட செய்தி தாமதிப்பது ஒருபுறமிருக்க, அடியோடு தொலைந்துபோவதும் உண்டு. ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு டேப் தட்டினால் இக்கரைக் கணிப்பொறி சாளரத்தை மாற்றிவிடுகிறது. ஆல்ட் அழுத்தியது அக்கரைக்குத் தெரியும், விட்டது தெரியாது. திரும்பி வந்து எழுத முற்பட்டால் எழுத்து வராமல் பட்டிகள் திறந்துகொள்ளும். கண்ட்ரோல் விசைக்கு இது நேர்ந்தால் தட்டும் ஒவ்வோர் எழுத்தும் ஒரு கட்டளையாகிவிடும். ஷிப்ட் விசைக்கு நேர்ந்தாலோ தமிழ் 99 இல் ஒரு விந்தை நிகழும்: ஆகாரத்துக்கு ஸ, ஈகாரத்துக்கு ஷ, ஊகாரத்துக்கு ஜ, ஐகாரத்துக்கு ஹ என்று கிரந்த எழுத்துகள் அணிவகுக்கும். அவ்வெழுத்துகள் இன்றி எம் வீட்டுப் பெயர்களில் பலவற்றை எழுத இயலாது என்பது உண்மையே. எனினும், அழையாமல் அவை வரிசையாக வந்தால் ஷிப்ட் சிக்கியுள்ளது என்று உணர்க. சிக்கிய விசையை, இடப்புறமும் வலப்புறமும், அக்கரைச் சாளரத்துள் ஒருமுறை அழுத்தி விட்டால் தீர்ந்துவிடும். கணிப்பொறியை அணைத்துப் போட வேண்டியதில்லை.

சில விசைக்கூட்டுகள் அக்கரைக்குப் போகவே போகா. கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் இக்கரை விண்டோஸ் தனக்கே எடுத்துக்கொள்ளும். ஆர்.டி.பி.யில் டெலீட்டுக்கு மாற்றாக எண்ட் விசையைப் பயன்படுத்த வேண்டும். விர்ச்சுவல்பாக்சில் வலப்புறக் கண்ட்ரோலும் டெலீட்டும் அப்பணியைச் செய்யும். இணைய உலாவிக்குள் திறக்கும் வி.என்.சி. சாளரத்தில் இதற்கெனப் பொத்தான் இருக்கும். அவ்வகையில் எச்சரிக்கை ஒன்று: கண்ட்ரோலோடு டபிள்யூ தட்டினால் உலாவி அச்சாளரத்தையே மூடிவிடும். தேர்வறையில் அழுத பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். அழ வேண்டா. மூடியது சாளரம் மட்டுமே. மெய்நிகர் கணிப்பொறி அக்கரையில் எழுதியவற்றோடு ஓடிக்கொண்டேயிருக்கும். மீண்டும் இணைந்தால் விட்ட இடத்திலேயே நிற்கும்.

சுட்டி

டக்ளஸ் எங்கெல்பார்ட் 1968 டிசம்பர் 9 ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோவில் மவுஸ் என்னும் சுட்டியை அவையோர்க்குக் காட்டியபோது, அவர் இயக்கிய கணிப்பொறி அவ்வரங்கில் இல்லை. ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் மென்லோ பார்க்கில் இருந்தது. உலகம் வியந்து பார்த்த அந்தச் சுட்டி, முதல் அரங்கேற்றத்திலேயே தொலைவிலிருந்து இயக்கப்பட்டது என்பதை மாணவர்கள் அறிந்து மகிழலாம்.

சுட்டி தான் இருக்கும் இடத்தைச் சொல்லாது; வலப்பக்கம் இவ்வளவு, மேலே இவ்வளவு என்று நகர்ந்த அளவை மட்டும் சொல்லும். வி.என்.சி.யோ திரையில் இன்ன புள்ளி என்று இடத்தைச் சொல்கிறது. இடத்தை நகர்வாக மாற்றி அக்கரையின் மெய்நிகர் சுட்டிக்கு ஊட்டும்போது, விரைந்து நகர்த்தினால் கூடுதலாக நகரும் வசதி அங்கே குறுக்கிட்டுக் கணக்கைக் குலைத்துவிடும். திரையில் இரண்டு அம்புகள் தோன்றி ஒன்றையொன்று பிரிந்து ஓடும். மூலையிலுள்ள பொத்தானை எட்ட முடியாது. இதற்குத் தீர்வு, மெய்நிகர் கணிப்பொறியின் அமைப்பில் சாதாரண மவுசுக்கு மாற்றாக யு.எஸ்.பி. டேப்லட் என்னும் கருவியைத் தேர்ந்தெடுப்பதாகும். அது இடத்தையே நேரடியாகச் சொல்லும் கருவி. அம்புகள் இரண்டும் ஒன்றிவிடும். அம்பு சாளரத்துக்குள் சிக்கி வெளிவராவிட்டால் விர்ச்சுவல்பாக்சில் வலப்புறக் கண்ட்ரோலும், விஎம்வேரில் கண்ட்ரோலும் ஆல்ட்டும் சேர்ந்து விடுவிக்கும்.

மதிப்பெண்

அம்மாணவியின் மதிப்பெண்ணைத் திருத்த ஒரு கடிதம் எழுதினேன். 11 என்பது 22 ஆயிற்று. அதே இருக்கைகளில் அதற்கு முந்தைய பருவத்தில் தேர்வெழுதியவர்களின் தாள்களையும் தேடினேன். அவை பழைய தாள்களோடு கழிக்கப்பட்டிருந்தன. அவர்களுள் எத்தனை பேரின் ஓரத்தில் "மொழிப்பயிற்சி போதாது" என்று எழுதினேன் என்பது எனக்கு நினைவில்லை.

இப்போது நான் நடத்தும் பயிற்சித் தேர்வுகளில், வினாத்தாளைத் தருமுன் "படி, குடி, கதை, வளம், பலி" என்னும் ஐந்து சொற்களை மாணவர் ஒவ்வொருவரும் இக்கரையில் ஒருமுறையும் அக்கரையில் பத்து முறையும் எழுதிக் காட்டுகின்றனர். நாற்பது பேரும் ஒரே நேரத்தில் எழுத வேண்டும் என்பது நிபந்தனை. ஒரு சொல்லில் ஒற்று மிகுந்தாலும் அந்த இருக்கையை விலக்கிவிட்டு, அவருக்குத் தாளும் பேனாவும் தருகிறோம்.